எண்ணப்பட்ட குழந்தையும் எண்ணத்திற் கொள்ளப்பட்ட குழந்தையும்: காரைதீவுக் கரையோரத்தை முன்வைத்துச் சில திறனாய்வுக் குறிப்புகள்

1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆந் திகதி காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தரைத் தமிழுலகம் இசைத்தமிழாராய்ச்சியாளராகவும் துறவியாகவும் நினைவுகூர்கின்றது. அவர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி என்பதை நாம் அத்துணை அழுத்தமாகக் கூறுவதில்லை. 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே வழக்கொழிந்துபோனதொரு கருவியை அவர் மீட்டெடுக்க முயன்ற முறை, நரம்பின் நீளத்தையும் சுருதிகளின் விகிதத்தையும் எண்களால் ஆராயும் முறையாகவே அமைந்தது. இழந்த ஒன்றைப் பற்றி இரங்குவது எளிது; அதனை மீட்பதற்குக் கணக்கு வேண்டும் என்பதை அந்நூல் தன் அமைப்பினாலேயே உணர்த்துகின்றது. அதே விபுலானந்தர்தாம் கிழக்கிலங்கையில் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை வளர்த்து, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் கல்வியுங் கிடைக்க உழைத்தார். கணக்கும் கருணையும் ஒரே மனிதரிடத்து முரணின்றி இருந்தன.

இவ்விரண்டும் நம்மிடையே இன்று பிரிந்து கிடக்கின்றன என்பதே இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்தாகும். குழந்தைகளின் துயரத்தைப் பாடும் எழுத்து நம்மிடம் நிறைய உண்டு. குழந்தைகளைப் பற்றிய புள்ளிவிபரங்களும் அலுவலகங்களிலே நிறைய உண்டு. முன்னதில் எண்ணில்லை; பின்னதில் முகமில்லை. உள்ளூர்த் தரவுகளைக் கொண்டு குழந்தைகளின் நலனுக்காக வாதாடுதல் என்னும் செயல் இவை இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில் நிகழவேண்டியது. அந்நிலம் ஏன் தரிசாய்க் கிடக்கின்றது என்பதைக் காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, நிந்தவூர் ஆகிய ஊர்கள் அடங்கிய கரையோரத்தை முன்வைத்து ஈண்டு நோக்குவோம்.

தரவும் ஓர் எழுத்தே

நாவலையும் கவிதையையும் திறனாய்வு செய்யும் நாம், ஓர் அறிக்கையின் அட்டவணையைத் திறனாய்வுக்கு உரியதாகக் கருதுவதில்லை. அஃது உண்மை, ஆகவே விமரிசனத்துக்கு அப்பாற்பட்டது என்று சிலர் ஒதுங்குகின்றனர். அது பொய், ஆகவே விமரிசனத்துக்குத் தகுதியற்றது என்று வேறு சிலர் புறக்கணிக்கின்றனர். இவ்விரு நிலைகளும் பிழையானவை. யார் எண்ணினார், யாரை எண்ணினார், எப்பொழுது எண்ணினார், எந்த எல்லைக்குள் நின்று எண்ணினார், எவர் வாசிப்பதற்காக எழுதினார் என்னும் ஐந்து வினாக்களையும் ஒரு நாவலிடத்துக் கேட்பதுபோலவே ஓர் அட்டவணையிடத்தும் கேட்டல் வேண்டும்.

முதலில் காலத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கையிற் குடிசன மதிப்பீடு 1981 மார்ச் மாதத்தில் நடைபெற்றது. 1991இல் நடைபெறவேண்டியது போரினால் நடைபெறவில்லை. அடுத்த மதிப்பீடு 2001 யூலையிலேயே நிகழ்ந்தது. அப்பொழுதும் வடக்குக் கிழக்கின் ஏனைய ஏழு மாவட்டங்களிலே கணக்கெடுப்பு முழுமை பெறவில்லை. அம்பாறை மாவட்டம் மாத்திரம் முற்றாக எண்ணப்பட்டது. இதன் பொருள் யாது? 1981 ஏப்ரலிற் காரைதீவிற் பிறந்த ஒரு குழந்தை, நாட்டின் குடிசன மதிப்பீட்டில் முதன்முறையாக இடம்பெற்றபொழுது அதற்கு வயது இருபது. அக்குழந்தை பாலகனாயிருந்த காலமும், பாடசாலை சென்ற காலமும், போரின் நடுவே வளர்ந்த காலமும் எந்த மதிப்பீட்டிலும் பதிவாகவில்லை. அண்டையிலுள்ள மட்டக்களப்பு மாவட்டத்தின் குழந்தையோ முழுமையான மதிப்பீட்டைக் காண 2012 வரை காத்திருக்க நேர்ந்தது. 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளின் குடித்தொகை, சுகாதார ஆய்வுகளும் வடக்கையும் கிழக்கையும் உள்ளடக்கவில்லை. ஆகவே அக்காலத்து 'இலங்கைக் குழந்தை' பற்றி எழுதப்பட்ட சராசரிகள் யாவும் நம் குழந்தைகளை நீக்கிய சராசரிகளே. எண்ணப்படாத குழந்தைக்காக வாதாடுவோன் கையில் வெறும் அனுபவமே எஞ்சும். அனுபவத்தை அதிகாரம் எப்பொழுதும் 'மிகைப்படுத்தல்' என்று தள்ளிவிடக்கூடும்.

சராசரி என்னும் திரை

இரண்டாவது வினா எல்லை பற்றியது. அம்பாறை மாவட்டம் 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தினின்று பிரித்து அமைக்கப்பட்டது. கடற்கரையோரத்து முஸ்லிம், தமிழ் ஊர்களும், கல்லோயாத் திட்டத்தின் பின் வளர்ந்த உள்நாட்டுச் சிங்களக் குடியேற்றங்களும் ஒரே மாவட்டப் பெயரின் கீழ் வருகின்றன. மீன்பிடியை நம்பி மணல்மேட்டில் வாழும் குடும்பமும், வாய்க்கால் நீரை நம்பி வயலோரத்தில் வாழும் குடும்பமும் பிள்ளை வளர்க்கும் சூழல் ஒன்றன்று. 'அம்பாறை மாவட்டத்துக் குழந்தை' என்னும் சராசரி இவ்விரு குடும்பங்களில் எதற்கும் உரியதன்று.

சுகாதார நிருவாகம் இதனை ஓரளவு உணர்ந்திருக்கின்றது. நாட்டின் நிருவாக மாவட்டங்கள் 25 ஆயினும் சுகாதார மாவட்டங்கள் 26 எனக் கொள்ளப்படுகின்றன, இருபத்தாறாவது கல்முனையாகும். எனவே குடும்ப சுகாதாரப் பணியகத்தின் கணக்கிலே கரையோரம் தனியாகத் தெரிகின்றது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் மாதிரி ஆய்விலோ அது மாவட்டத்துட் கரைந்துவிடுகின்றது. ஒரே குழந்தை ஒரு பதிவிற் கல்முனைப் பிள்ளையாகவும், மற்றொன்றில் அம்பாறைப் பிள்ளையாகவும் நிற்கின்றது. இவ்வேறுபாட்டை அறியாது இரு அட்டவணைகளையும் அருகருகே வைத்து முடிபு கூறுவோர் உளர். அத்தகைய முடிபுகள் வாதத்துக்கு வலுவூட்டாது, அதனைக் கவிழ்த்துவிடும்.

சராசரியைப் பிரித்துக் காட்டுவதன் பயன் என்ன என்பதற்கு மலையகம் தக்க சான்று. 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி நாடளாவிய ரீதியில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதோர். 2006/07ஆம் ஆண்டு ஆய்வும் ஏறத்தாழ அதே எண்ணைத் தந்தது. பத்தாண்டுகளாக அசையாத இவ்வெண் எவரையும் உறுத்தவில்லை. ஆனால் அதே 2016ஆம் ஆண்டு ஆய்வில் நுவரெலியா மாவட்டத்தைத் தனியே நோக்கியபொழுது நூற்றுக்கு 32 என வந்தது. பதினேழு என்பது ஒரு செய்தி. முப்பத்திரண்டு என்பது ஒரு குற்றச்சாட்டு. தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளின் போசணைக்காகப் பேசுவோருக்கு அவ்வெண் வாயில்லாப் பிள்ளையின் வாயாயிற்று. எனினும் மாவட்டத்தோடு நின்றுவிடும் மாதிரி ஆய்வு, பிரதேச செயலகப் பிரிவுக்குக் கீழே இறங்காது. காரைதீவுப் பிரிவினுள் காரைதீவும் உண்டு, மாளிகைக்காடும் உண்டு, மாவடிப்பள்ளியும் உண்டு. இவற்றுக்கிடையேயான வேறுபாட்டை அறிவதற்கு வேறொரு மூலத்தை நாடவேண்டும்.

ஒரு காலையின் கணக்கு

கடற்கோள் பற்றிய எழுத்துகள் இக்கரையோரத்திற் பெருகின. 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், பாடசாலை இல்லை, பிள்ளைகள் வீட்டில் இருந்தனர். அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கவிதைகளும் கட்டுரைகளும் அத்துயரைப் பாடின. அவற்றின் உண்மையை இங்கு எவரும் மறுக்கவில்லை. ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை கடலை நோக்கியே கேள்வி கேட்டன. கடலுக்குச் செவியில்லை. செவியுள்ளோரை நோக்கிக் கேட்பதற்குரிய எழுத்து 2006இல் வெளிவந்தது; அது மருத்துவ ஆய்விதழொன்றில் ஆங்கிலத்தில் அமைந்தது.

நிஷிகியோரி என்னும் ஜப்பானிய ஆய்வாளரும் இலங்கை ஆய்வாளர் உள்ளிட்ட அவர்தம் குழுவினரும் அம்பாறை மாவட்டத்து 13 இடம்பெயர்ந்தோர் முகாம்களில் 859 குடும்பங்களை விசாரித்தனர். அக்குடும்பங்களைச் சேர்ந்த 3,533 பேருள் 446 பேர் இறந்தமையும் 11 பேர் காணாமற்போனமையும் பதிவாயின. இருபது முதல் இருபத்தொன்பது வயதினருள் இறந்தோர் நூற்றுக்கு 7.4. ஐந்து முதல் ஒன்பது வயதுச் சிறுவருள் 23.7. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 31.8. அதாவது மூன்றிலொரு பகுதிக்கு அணித்தான குழந்தைகள். ஆண்களில் நூற்றுக்கு 8.2 பேரும், பெண்களில் 17.5 பேரும் இறந்தனர். வெளியே நின்றோரில் 5.9 பேர், வீட்டினுள் இருந்தோரில் 13.8 பேர். ஏனைய தொழில்களைச் சேர்ந்தோரைவிட மீன்பிடித் தொழிலைச் சார்ந்தோரிடையே இறப்பு மிகுந்திருந்தது. இறப்புகளில் ஏறத்தாழ அனைத்தும் அன்றைய நாளிலோ அடுத்த மூன்று நாள்களுக்குள்ளோ நிகழ்ந்தன.

இவ்வெண்களை அடுத்தடுத்து நிறுத்திப் படித்தால் ஒரு வாதம் தானே எழுகின்றது. மரணங்கள் முதல் மூன்று நாள்களுக்குள் முடிந்தமையால், முகாமின் நோயும் பசியும் அக்குழந்தைகளைக் கொல்லவில்லை என்பது பெறப்படும். ஆகவே அனர்த்தத்தின் பின் வரும் நிவாரணம் எத்துணைச் சிறப்பாயினும் அக்குழந்தைகளைக் காத்திராது. முன்கூட்டிய எச்சரிக்கையும், வீடு நிற்கும் இடமும், வீட்டின் உறுதியுமே காத்திருக்கும். பெண்கள் ஆண்களைவிட இரு மடங்கு இறந்தமையும் குழந்தைகள் மிகுதியாக இறந்தமையும் தனித்தனிச் செய்திகளாகத் தோன்றவில்லை. கையிற் பிள்ளையோடு ஓடும் தாயின் வேகம் பிள்ளையின் வேகமே என்று நாம் ஊகிக்கலாம். இது நம் ஊகம். அட்டவணை இதனைக் கூறவில்லை. ஆயினும் எச்சரிக்கை மணி ஒலித்து எத்தனை நிமிடத்தில் ஒரு தாய் பிள்ளைகளோடு மேட்டுக்குச் செல்ல முடியும் என்னும் கேள்வியை எழுப்புவதற்கு இவ்வூகம் போதுமானது.

இவ்வாய்வின் குறைகளையும் மறைத்தலாகாது. முகாமில் உயிருடன் இருந்தோரே விடை கூறினர். எவரும் எஞ்சாத குடும்பத்தின் இறப்பைக் கூறுவதற்கு அங்கு எவருமில்லை. ஆகவே உண்மையான இழப்பு இவ்வெண்களினும் கூடியதாயிருத்தல் கூடும். உறவினர் வீடுகளில் தங்கியோர் முகாமுக்கு வரவில்லை. பதின்மூன்று முகாம்களின் கணக்கு முழு மாவட்டத்தின் கணக்காகிவிடாது. இவ்வரையறைகளைக் கூறியபின்னரும் ஆய்வின் மதிப்புக் குன்றவில்லை. தன் எல்லையை ஒப்புக்கொள்ளும் எண்ணே வாதத்திற் தாங்கி நிற்கும்.

இதனோடு ஒப்பிடற்குரியது அதே காலத்தில் வகுக்கப்பட்ட கரையோரத் தடைவலயம். 2005இல் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்றும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்றும் எல்லை குறிக்கப்பட்டது; பின்னர் அது தளர்த்தப்பட்டது. கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி வாழும் சாய்ந்தமருது, மருதமுனை போன்ற ஊர்களில் 200 மீற்றர் என்பது பெருந்தொகையான குடும்பங்களின் முழு வாழிடம். இதுவும் ஓர் எண்ணே. ஆனால் ஊரை எண்ணாது ஊருக்கு விதிக்கப்பட்ட எண். முகாமிற் கேட்டறியப்பட்ட 31.8 கீழிருந்து மேலே சென்றது. 200 மேலிருந்து கீழே வந்தது. உள்ளூர்த் தரவு என்பதன் பொருளை இவ்விரு எண்களின் வேறுபாடு தெளிவாக்குகின்றது.

மருத்துவமாதின் கைப்புத்தகம்

மேலே நாம் தேடிய வேறொரு மூலம், ஊரின் வாசலிலேயே இருக்கின்றது. 1926இல் களுத்துறையிற் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையின் வழித்தோன்றலாகிய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும், அதன் கீழ் வீடுவீடாகச் செல்லும் மருத்துவமாதும், ஒவ்வொரு குழந்தையின் கையிலும் உள்ள சுகாதார அபிவிருத்திப் பதிவேடும் நம் நாட்டின் பெருஞ் செல்வங்கள். மலேரியாக் கொள்ளைநோய் பரவிய 1935இல் ஆயிரம் பிறப்புக்கு 263 சிசுக்கள் இறந்த நாட்டில், 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி அத்தொகை 10 ஆகக் குறைந்தமைக்கு இலவசக் கல்வி, இலவச மருத்துவம், உணவு மானியம் ஆகியவற்றோடு இப்பெண்களின் உழைப்பும் காரணமாகும்.

அப்பதிவேட்டின் வளர்ச்சிக் கோட்டை ஓர் இலக்கியமாக நோக்குதல் தகும். ஒரு குழந்தையின் நிறை ஏறி, ஓரிடத்திற் தயங்கி, மீண்டும் ஏறும் அல்லது இறங்கும். அத்தயக்கம் எந்த மாதத்தில் நேர்ந்தது என்று தாயிடம் கேட்டால், கடலுக்குப் போகமுடியாத வாடைக்காலம் என்றோ, தந்தை வெளிநாடு சென்ற மாதம் என்றோ, வீடு வெள்ளத்துள் நின்ற வாரம் என்றோ ஒரு கதை வெளிவரும். கோடு காரணத்தைக் கூறாது. காரணம் கேட்கவேண்டிய இடத்தைக் காட்டும். நூறு பதிவேடுகளில் அதே மாதத்தில் அதே தயக்கம் காணப்படுமாயின், அது நூறு தாய்மாரின் கவனயீனமாக இருக்க முடியாது. தனிமனிதப் பழியாகக் கருதப்பட்டது பொதுப் பிரச்சினையாக உருமாறும் கணம் அதுவே. உள்ளூர்த் தரவின் முதற் பயன் தாயைப் பழியினின்று விடுவித்தல் என்று துணிந்து கூறலாம்.

இவ்வாறு ஒரு பதிவேடு வாதமான வரலாறு தமிழகத்தில் உண்டு. 1991ஆம் ஆண்டு இந்தியக் கணக்கெடுப்பிலே சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே இருந்தமை வெளிப்பட்டது. பெண் சிசுக்கொலை பற்றி அதற்கு முன்னரும் பத்திரிகைகள் எழுதின. ஆயினும் அவை தனிச் சம்பவங்கள் எனத் தட்டிக்கழிக்கப்படக்கூடியனவாயிருந்தன. 1997இல் ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா ஆகிய இருவரும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளை ஆராய்ந்தனர். சிசு மரணத்தின் காரணம் எழுதும் இடத்திலே கிராமச் சுகாதாரத் தாதியர் 'சமூகக் காரணம்' என்று குறித்து வைத்திருந்தனர். கொலை என்று எழுத அஞ்சிய கை, பொய் எழுதவும் மறுத்துத் தேர்ந்தெடுத்த சொல் அது. அம்மங்கலச் சொல்லே பின்னர் மாநிலத்தின் எந்தப் பகுதிகளில் இக்கொடுமை செறிந்துள்ளது என்று காட்டும் வரைபடத்துக்கு ஆதாரமாயிற்று. தருமபுரியில் வீதி நாடகங்கள் வாயிலாக ஊரூராகப் பிரசாரமும் நிகழ்ந்தது. எண்ணைக் கலைஞர் கையில் ஒப்படைத்த அம்முயற்சி நமது சிந்தனைக்குரியது. சிக்காகோ நகரிலே 1895இல் ஹல் ஹவுஸ் மாதர் தம் அயற்றெருக்களின் வருமானத்தையும் குடியினரின் தேசிய இனத்தையும் வரைபடத்தில் தீட்டி, சிறுவர் தொழிலுக்கு எதிரான வாதத்தோடு நூலாக வெளியிட்டமையும் இவ்வகையைச் சார்ந்ததே.

தரவின் ஆபத்து

தரவுக்காக வாதாடுவோர் அதன் ஆபத்தையும் உணர்தல் வேண்டும். சிற்றூரிலே எண் முகத்தை மறைக்காது. ஒரு கிராம அலுவலர் பிரிவில் 'கடும் மந்தபோசணையுள்ள குழந்தை ஒன்று' என்று அறிவித்தால், மறுநாட் காலை அக்குழந்தையின் வீடு எதுவென்று கடைத்தெரு அறியும். பிள்ளைக்கு நன்மை செய்ய வந்த எண் தாயைக் கூசச் செய்யும். அடுத்த மாதம் அவள் கிளினிக்குக்கு வராள். ஆகவே எத்தனைச் சிறிய பிரிவுக்கு எண் வெளியிடலாம் என்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும்.

மற்றோர் ஆபத்து நம் பிரதேசத்துக்கே உரியது. தமிழூரும் முஸ்லிமூரும் வேலிக்கு வேலி நிற்கும் இக்கரையில், எந்தப் புள்ளிவிபரமும் பங்கீட்டுச் சண்டைக்குரிய ஆயுதமாகக்கூடும். 'அவர்களுக்கு இத்தனை, எமக்கு இத்தனை' என்று தொடங்கும் வாக்கியத்திற் குழந்தை மறைந்துபோகும். மருத்துவமாதின் தராசு எந்தத் தெருப் பிள்ளையையும் ஒரே கிராமால் நிறுக்கின்றது. அத்தராசின் நடுநிலை அட்டவணையைப் பயன்படுத்துவோர்க்கும் வேண்டும். ஊர்களுக்கிடையேயான வேறுபாட்டைக் கூறுதல் தேவையே; அதனை இனத்தின் பெயராற் கூறுமுன், நீர், நிலம், தொழில், வீதி, பாடசாலைத் தூரம் ஆகிய காரணங்களை ஆராய்ந்து முடித்திருத்தல் வேண்டும்.

2024 நவம்பர் 26ஆந் திகதி இதனை நமக்குக் கொடிதாய் நினைவூட்டிற்று. பெருவெள்ளத்தின்போது காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரப் பெட்டியிற் சென்ற மதரசா மாணவர்கள் நீரில் அடித்துச் செல்லப்பட்டனர், பிள்ளைகள் உயிரிழந்தனர். தேடியோரும் அழுதோரும் ஓர் இனத்தவராய் மாத்திரம் இருந்திருக்க முடியாது. அக்குழந்தைகளுக்காக எழுதப்பட்ட இரங்கற்பாக்களோடு ஒரு பதிவேடும் தொடங்கப்படவேண்டும்: வாடைக்காலத்தில் எந்த வீதியில் எத்திகதியில் எத்தனை அடி நீர் பாய்கின்றது, அவ்வீதியாற் பாடசாலைக்கும் மதரசாவுக்கும் செல்லும் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த அளவு நீரிற் போக்குவரத்தை நிறுத்துவது, அன்று பிள்ளைகள் எங்குத் தங்குவது. இவற்றை ஊரார் வாய்ச்சொல்லாக அறிவர். வாய்ச்சொல் ஒரு மழையோடு கரையும். எழுதப்பட்டது அடுத்த மழைக்கு முன் ஒரு மேசையின்மேல் வைக்கப்படக்கூடியது.

முடிபு

மேற்கூறியவற்றால் நாம் அடையும் முடிபு வருமாறு: உள்ளூர்த் தரவு, முடிவு எடுக்கப்படும் எல்லை வரை பிரித்துக் காட்டப்படவேண்டும், தன் குறையைத் தானே கூறவேண்டும், எவரிடமிருந்து பெறப்பட்டதோ அவர்தம் மொழியில் அவரிடமே திரும்பவேண்டும், இன்னாரிடம் இன்னது கோருகின்றோம் என்ற தெளிவான வேண்டுகோளுடன் முடியவேண்டும். இந்நான்கில் ஒன்று குறையினும் அது கோப்பிலே உறங்கும்.

இவற்றுள் மூன்றாவது நம்மைச் சார்ந்தது. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் உள. ஒவ்வோராண்டும் மாணவர் ஆய்வுக்கட்டுரைகளுக்காக ஊர்களுக்குச் சென்று வினாக்கொத்துகளை நிரப்புகின்றனர். விடை கூறிய தாய்மார் அக்கட்டுரைகளைக் கண்டதுண்டா? அம்பாறைக் கடற்கோள் ஆய்வு போன்றவற்றைத் தமிழிற் பெயர்த்து, ஊர்ப்பாடசாலைச் சுவரில் ஒட்டத்தக்க நான்கு பக்கச் சுருக்கமாக்குதல் தமிழ்ச் சங்கங்களுக்கு இயலாத காரியமன்று. சொல்லை ஆளப் பயின்ற நாம், 31.8 என்னும் எண்ணை ஒரு மீனவத் தாய்க்கு விளங்கும் வாக்கியமாக்க இயலாதோமாயின், நம் பயிற்சியின் பயன் யாது? மறைந்த யாழைக் கணக்கினால் மீட்க முயன்ற அறிஞர் பிறந்த ஊரிலே, வாழும் குழந்தைகளைக் கணக்கினாற் காப்பது அவர்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.